ஸ்விட்சில் எரியும் பொட்டு விளக்கு

ஐப்பசி மாதத்து இரவு. மாலையில் பிடித்த மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. திருச்சுழிக்கு அப்பால், கரிசல் காட்டு வண்டிப்பாதையில் ஒரு ஜீப் சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண், மழை பட்டதும் களிம்பாகக் குழைந்து டயரில் அப்பிக்கொள்ளும். இரு புறமும் சீமைக் கருவேலம் புதராக மண்டிக் கிடக்கிறது. வானத்தில் நிலா இல்லை. பக்கத்தில் ஊரும் இல்லை.

டிரைவர் பின்பக்கம் வெளிச்சம் போட்டுப் பார்த்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கவேண்டும். கை டாஷ்போர்டைத் தடவுகிறது. அங்கே ஒரே மாதிரியான ஆறு ஸ்விட்சுகள் வரிசையாக இருக்கின்றன. பின் விளக்குக்கு எது? விசிறிக்கு எது? முன்னால் மாட்டியிருக்கும் கூடுதல் விளக்குகளுக்கு எது?

இந்தத் தடுமாற்றத்தைப் போக்க வந்ததுதான் ஸ்விட்சுக்குள்ளேயே எரியும் சின்ன விளக்கு. கடுகத்தனை வெளிச்சம்தான். ஆனால் இருட்டில் அது வழிகாட்டி. இன்று ஜீப் வைத்திருக்கும் பலரும் இத்தகைய ஸ்விட்சுகளை வாங்கி மாட்டுகிறார்கள். நீலம், சிவப்பு, பச்சை என்று பல நிறங்களில் கிடைப்பதால், இது அழகுக்காக என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தப் பொட்டு விளக்கு உண்மையில் ஒரு சாட்சி. அந்தச் சாட்சி மெய் சொல்வதும் பொய் சொல்வதும், கம்பியை எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

யுத்தத்தில் பிறந்த வண்டி

ஜீப்புக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. 1940-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவம், மேடு பள்ளம் பாராமல் ஓடக்கூடிய ஒரு சிறு வண்டி வேண்டும் என்று மோட்டார் கம்பெனிகளைக் கேட்டது. பாண்டம், வில்லிஸ், போர்டு ஆகிய மூன்று கம்பெனிகள் மாதிரி வண்டிகள் செய்து கொடுத்தன. கடைசியில் வில்லிஸும் போர்டும் சேர்ந்து, யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்து தள்ளின.

போர்முனையில் வெளிச்சமே எதிரி. ஆகவே அந்த ஜீப்பின் விளக்கு ஸ்விட்சுக்கு ஒரு தடைப் பொத்தான் வைத்திருந்தார்கள். தவறிப் போய் முழு விளக்கும் எரிந்து, எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது அல்லவா? இன்னொரு யுக்தியும் அதில் உண்டு. முன் விளக்கை அப்படியே பின்னுக்குத் திருப்பினால், வெளிச்சம் என்ஜின் மீது விழும். இரவில் ரிப்பேர் பார்க்கலாம். ஸ்விட்சுகள் குறைவு, கம்பிகள் குறைவு, பாட்டரியும் 6 வோல்ட்தான்.

யுத்தத்துக்குப் பின் 1940-களின் இறுதியில், மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவிலேயே பூட்டி விற்கத் தொடங்கியது. 1952-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி சமுதாய நல அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன்பின் தார் ரோடு காணாத கிராமங்களுக்குள் சர்க்கார் நுழைந்தது பெரும்பாலும் ஜீப்பில் ஏறித்தான். பூமிநாதர் கோயில் கொண்டதும், 1879-ல் ரமண மகரிஷி பிறந்ததுமான திருச்சுழியும், அதைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியும் அப்படிப்பட்ட வட்டாரமே. பருத்திக் காடு, மிளகாய்க் காடு, கண்மாய்க்கரை, குண்டாற்று மணல், கரிமூட்டம் போடும் கருவேலங்காடு என்று, ரோடு முடிந்த இடத்தில்தான் அங்கே வேலை ஆரம்பமாகும்.

அந்த நாள் ஜீப்பில் டிரைவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஸ்விட்சுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இன்றோ கூடுதல் விளக்கு, கூடுதல் விசிறி, காற்றடிக்கும் பம்பு, சேற்றிலிருந்து வண்டியை இழுக்கும் வின்ச்சு, செல்போனுக்கு மின்சாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன. அத்தனைக்கும் ஸ்விட்சு வேண்டும். ஸ்விட்சுகள் பெருகியதால்தான் அவற்றுக்குள் விளக்கும் வேண்டியதாயிற்று.

ஒரு விளக்கு, மூன்று செய்தி

ஸ்விட்சின் விளக்கு டிரைவருக்கு மூன்று விதமான செய்திகளைச் சொல்ல முடியும். "நான் இங்கே இருக்கிறேன்" என்பது முதல் செய்தி. "என்னைப் போட்டிருக்கிறாய்" என்பது இரண்டாவது. "நீ கேட்ட காரியத்துக்கு மின்சாரம் போகிறது" என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றே என்று நினைப்பதில்தான் வம்பு பிறக்கிறது.

சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் விளக்கு ஸ்விட்சுக்கு மூன்று கால்கள் இருக்கும். ஒன்றில் மின்சாரம் உள்ளே வரும். இரண்டாவதிலிருந்து வேலை செய்யும் பொருளுக்குப் போகும். மூன்றாவது எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடலோடு சேரவேண்டியது. உள்ளே உள்ள சிறு விளக்கு இரண்டாவது காலுக்கும் மூன்றாவது காலுக்கும் நடுவே இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால் அது எரியும்; அணைத்தால் அணையும். ஆகவே அது இரண்டாவது செய்தியை மட்டுமே சொல்கிறது. அணைந்திருக்கும் ஸ்விட்சை இருட்டில் தேட அது உதவாது.

அதனால்தான் சற்று உயர்ந்த ரகங்களில் இரண்டு விளக்குகள் வைக்கிறார்கள். ஒன்று மங்கலாக எப்போதும் இடத்தைக் காட்டும். மற்றொன்று ஸ்விட்சைப் போட்டால் மட்டும் பளிச்சென்று எரியும். இடத்தைக் காட்டும் விளக்குக்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? பார்க்கிங் விளக்குக் கம்பியிலிருந்து எடுப்பதே முறை. வண்டியின் விளக்கைப் போட்டதும் ஸ்விட்சுகளும் துலங்கும். அணைத்ததும் அவையும் உறங்கும்.

சிலர் சுலபமாக இருக்கிறதே என்று பாட்டரியிலிருந்து நேரே எடுத்துவிடுகிறார்கள். இதன் விளைவைச் சிறு கணக்கில் பார்க்கலாம். பழைய பாணி 2 வாட் பல்பு ஆறு இருந்தால், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 1 ஆம்பியர் ஓயாமல் ஒழுகும். ஒரு நாளில் 24 ஆம்பியர்-மணி. 60 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்றாவது நாள் காலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றாது. இந்நாளைய எல்.இ.டி. விளக்கு ஆறும் சேர்ந்து ஏறக்குறைய அதில் எட்டில் ஒரு பங்குதான் இழுக்கும். ஆனாலும் வண்டியைப் பத்து நாள் கொட்டகையில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போனவர், திரும்பி வந்து பார்க்கும்போது பாட்டரியில் பாதி காலியாகியிருக்கும்.

சுமையை ரிலே தூக்கட்டும்

முன்னால் மாட்டும் கூடுதல் விளக்கு 55 வாட் வீதம் இரண்டு என்று கொள்வோம். மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக மின்சாரம் ஓடும். இதைப் பாட்டரியிலிருந்து டாஷ்போர்டு வரைக்கும் இழுத்து, ஸ்விட்சின் சிறு தகட்டின் வழியாகச் செலுத்தி, மறுபடியும் முன்பக்கம் கொண்டுபோவது வீண் பிரயாணம். ஸ்விட்சு சூடேறும். நீண்ட கம்பியில் வோல்ட்டும் குறையும்.

எவ்வளவு குறையும்? 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் நீளம் போனால் ஏறத்தாழ முக்கால் வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை தின்றுவிடும். இழைப் பல்புகளில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் வெகுவாகக் குறையும். இந்தக் கணக்கில் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காசு கொடுத்து விளக்கு வாங்கி, கம்பியைச் சூடாக்குவதற்குச் செலவிட்டதாக ஆகிறது.

இதற்குப் பரிகாரம் ரிலே. அது ஒரு காந்த ஸ்விட்சு. டாஷ்போர்டு ஸ்விட்சு அதற்கு ஒரு சிறு சமிக்ஞை மட்டும் கொடுக்கிறது. அதற்குத் தேவை கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே. சமிக்ஞை வந்ததும் காந்தம் இழுத்து, பாட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பியை விளக்கோடு சேர்த்துவிடுகிறது. மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்து கண் காட்ட, காட்டில் ஆள் மூட்டையைத் தூக்குவது போல.

ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30 பாட்டரிப் பக்கம். 87 விளக்குப் பக்கம். 85, 86 இரண்டும் காந்தச் சுருளின் நுனிகள். இந்த நான்கு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வின்ச்சு விஷயம் வேறு. அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று வரும் பெரிய சோலினாய்டு இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

பொய்ச் சாட்சி

இப்போது சாட்சியின் கதைக்கு வருவோம். பழைய ஜீப் ஒன்றில் ரேடியேட்டருக்குத் துணையாக ஒரு மின்சார விசிறி மாட்டியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில், புழுதியில், வண்டி முதல் கியரில் ஊர்கிறது. வேகம் இல்லாததால் எதிர்க்காற்று இல்லை. என்ஜினைக் காப்பது அந்த விசிறிதான். டிரைவர் ஸ்விட்சைப் போடுகிறார். பச்சை விளக்கு அழகாக எரிகிறது. நிம்மதியாக ஓட்டுகிறார்.

ஆனால் ரிலேக்கும் பாட்டரிக்கும் நடுவே இருந்த ப்யூஸ் முன்பே போய்விட்டது. விசிறி சுற்றவே இல்லை. ஸ்விட்சின் விளக்கு காந்தச் சுருளுக்குப் போகும் கம்பியிலிருந்து எரிவதால், அதற்கு இது தெரியாது. "என்னைப் போட்டிருக்கிறாய்" என்று அது சொன்னதை, "விசிறிக்கு மின்சாரம் போகிறது" என்று டிரைவர் எடுத்துக்கொண்டார். தண்ணீர் கொதித்து, என்ஜின் தலை வளைந்து, வண்டி நடுக்காட்டில் நின்ற பிறகுதான் உண்மை புலப்படும்.

விளக்குக்குத் தனிக் கால் உள்ள ஸ்விட்சாக வாங்கி, அந்தக் காலுக்கு ரிலேயின் 87-லிருந்து ஒரு மெல்லிய கம்பி கொண்டுவந்தால், இந்தப் பொய் நீங்கும். ப்யூஸ் போனாலும், ரிலே கெட்டாலும் ஸ்விட்சின் விளக்கு எரியாது. போட்டும் எரியவில்லையே என்று டிரைவர் உடனே இறங்கிப் பார்ப்பார். செலவு சில அடி கம்பிதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 87 வரை மின்சாரம் வந்தது என்றுதான் அது சாட்சி சொல்லும். அப்பால் மோட்டார் எரிந்துபோயிருந்தால் அது அறியாது. ஆகவே விசிறி விஷயத்தில் வெப்பமானியின் முள்ளையும் இன்னொரு சாட்சியாக வைத்துக்கொள்ளவேண்டும்.

ப்யூஸ் காப்பது எதை?

ப்யூஸ் விளக்கைக் காப்பதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அது காப்பது கம்பியை. பாட்டரிக்கும் ப்யூஸுக்கும் இடையில் உள்ள கம்பிக்கு எந்தக் காவலும் இல்லை. அந்தத் துண்டு எங்காவது உராய்ந்து இரும்பைத் தொட்டால், பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். கம்பி பழுக்கக் காய்ந்து, அதன் உறை தீப்பற்றும். காட்டுப் பாதையில் பெட்ரோல் தொட்டிக்குப் பக்கத்தில் தீ என்றால் வேறு சொல்ல வேண்டாம். ஆகவே ப்யூஸ் பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். மேலே சொன்ன இரு விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 15 ஆம்பியர் ப்யூஸும் பொருத்தம். அடிக்கடி ப்யூஸ் போகிறது என்று பெரிய ப்யூஸைப் போடுவது, நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

ஸ்விட்சின் கால்களை மாற்றிப் பூட்டினாலும் இதே ஆபத்துதான். மின்சாரம் வெளியே போகும் காலில் எர்த் கம்பியைச் சொருகிவிட்டால், ஸ்விட்சைப் போட்ட கணத்திலேயே பாட்டரி நேரே எர்த்தைத் தொடுகிறது. ப்யூஸ் இருந்தால் 'பட்' என்று போகும். இல்லாவிட்டால் புகை.

என்ஜின் அறையிலிருந்து கம்பி உள்ளே வரும் தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையம் அவசியம். ஜீப் ஓயாமல் அதிரும் வண்டி. தகட்டின் கூரிய விளிம்பு ஒரு மழைக்காலத்துக்குள் கம்பியின் உறையை அறுத்துவிடும். கம்பி நுனிகளை ஈயப் பற்று வைப்பதைவிட, நுனிக்குத் தக்க குமிழ் போட்டு இடுக்கியால் நன்றாக நசுக்குவது நீடித்து நிற்கும். பற்று வைத்த இடத்தில் கம்பி விறைத்து, அதிர்ச்சியில் அதன் ஓரத்தில் முறிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் பாட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றவேண்டும். முடிந்ததும் அதையே கடைசியில் மாட்டவேண்டும். பாஸிடிவ் முனையை முதலில் தொட்டால், ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டாலே தீப்பொறி பறக்கும்.

பேய் விளக்கு

சில வண்டிகளில் ஒரு ஸ்விட்சைப் போட்டால் பக்கத்து ஸ்விட்சின் விளக்கும் மங்கலாக மினுக்கும். பேய் பிடித்ததோ என்று டிரைவர் மிரள்வார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லா ஸ்விட்சுகளுக்கும் பொதுவான எர்த் கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கும். திரும்பிப் போக வழி அடைபட்ட மின்சாரம், அடுத்த ஸ்விட்சின் விளக்கு வழியாகப் புகுந்து, அதன் பொருள் வழியாக எர்த்தைத் தேடிக்கொள்கிறது. கண்மாய் மடையை அடைத்தால் தண்ணீர் கரையில் எலி வளையைத் தேடாதா? துருவும் பெயிண்டும் சுரண்டி, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் எர்த் கம்பியைத் திருகி முடுக்கினால் பேய் ஓடிவிடும்.

எல்.இ.டி. விளக்குக்குப் பாஸிடிவ், நெகடிவ் பேதம் உண்டு; மாற்றிக் கொடுத்தால் எரியாது. பழைய இங்கிலீஷ் மோட்டார்களில் பலவற்றுக்குப் பாஸிடிவ் முனைதான் எர்த். அத்தகைய வண்டி கையில் வந்தால் முதலில் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. லாரிகளிலும் ராணுவ வண்டிகளிலும் 24 வோல்ட் உண்டு. 12 வோல்ட் ஸ்விட்சு அங்கே நிமிஷத்தில் கருகும். புதிய ரக ஜீப்புகளில் பல விளக்குகளைக் கம்ப்யூட்டர் பெட்டியே கவனிக்கிறது. அவற்றின் கம்பியை நடுவில் அறுத்து இணைத்தால் பெட்டி கோளாறு காட்டும். கம்பெனி உத்தரவாதமும் போகலாம்.

கண்ணும் காடும்

1962-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். பளிச்சென்ற நீலத்தைப் பெற மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, ஜப்பானில் பிறந்து அமெரிக்கப் பிரஜையான நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அன்று அத்தனை அருமையாக இருந்த நீலம், இன்று மலிவான ஸ்விட்சுகளில்கூட ஜொலிக்கிறது.

ஆனால் இரவில் டிரைவருக்கு அது நல்ல துணையல்ல. மனிதக் கண் இருட்டுக்கு முழுவதும் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு நீல ஒளி அதிகம் உறைக்கும். சிவப்பு குறைவாக உறைக்கும். டாஷ்போர்டில் ஆறு நீல விளக்குகள் பளபளத்தால், கண்ணாடிக்கு வெளியே உள்ள பள்ளம் தெரியாமல் போகும். சிவப்போ மஞ்சளோ மங்கலாக எரிந்தால் போதும்.

கரிசல் காட்டில் இரவில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். கீதாரி கம்பளியைப் போர்த்துக்கொண்டு கிடையோரம் படுத்திருப்பார். வண்டிப்பாதையில் அவரையும் ஆடுகளையும் காண கூடுதல் விளக்கு உதவும். அதே விளக்கைத் தார் ரோட்டுக்கு ஏறிய பிறகும் அணைக்காமல் ஓட்டினால், எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு ரோடே மறைந்துவிடும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், விசேஷ சந்தர்ப்பங்களில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி பெற்றாலன்றி, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ பொருத்தக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஸ்விட்சில் எரியும் பொட்டு விளக்குக்கு இங்கே இன்னொரு கடமையும் சேர்கிறது. "காட்டு விளக்கு இன்னும் எரிகிறது, அணைத்துவிடு" என்று ரோட்டுக்கு ஏறும்போது அது ஞாபகப்படுத்தவேண்டும். அந்த ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் மஞ்சள் நிறம் வைத்தால், மற்றவற்றிலிருந்து பிரிந்து கண்ணில் படும்.

கம்பி வேலை முழுவதும் முடிந்த பிறகு ஒரு சோதனை செய்து பார்க்கவேண்டும். வண்டி நிற்கும்போதே, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய ப்யூஸைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போடவேண்டும். ஸ்விட்சின் விளக்கு எரியாவிட்டால் சாட்சி நம்பத் தகுந்தது. எரிந்தால், கம்பியை மாற்றிச் சேர்க்கவேண்டிய இடம் எது என்று அப்போதே தெரிந்துவிடும். பகலில் பட்டறையில் இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம். மழை இரவில், குழைந்த கரிசலில், ஊரில்லாக் காட்டில் அதைக் கண்டுபிடிக்க விடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.